மாப்பிள்ளைக்குப் போட்ட தட்டு

காவாந்தண்டலம்
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் கலைச்செல்வனுக்கு உன் அம்மா வளர்மதி எழுதுவது. இங்கே நானும், உன் நைனாவும், மாடும், அது புதிதாகப் போட்ட கிடாரிக் கன்றும் சௌக்கியம். அங்கே மஸ்கட்டில் நீயும், உன் ரூம் பிள்ளைகளும், வாரம் முழுக்க ஒரே பருப்பை உங்களுக்கு ஊற்றுகிற அந்தச் சமையல்காரரும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று செல்லியம்மனிடம் தினமும் சொல்லி வைக்கிறேன். அவளுக்கு ஆயிரம் வேலை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். நம் ஊர் அருள்தாஸ் லீவு முடிந்து இன்று சாயங்காலம் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான், இதையும் முறுக்கு டப்பாவையும் அவன் கையில்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். நம் வீட்டில் யாரைப் பற்றிப் போனில் பேசுகிறோமோ அந்த ஆள் பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார், அதனால்தான் கடிதம்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு ஆதிலட்சுமி உன் காதில் போடுவதற்குள் நானே போட்டுவிட்டால் மானம் கொஞ்சம் மிச்சமாகும். நான் ஒரு வாரத்துக்கு மேலாக நம் வீட்டில் இல்லாத ஒரு ஆளுக்குச் சோறு போட்டேன். சும்மா இல்லை, தட்டு வைத்து, சொம்பில் தண்ணீர் வைத்து, அப்பளம் பொரித்து வைத்து, குழம்பு ஊற்றட்டுமா என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று நீ உடனே டிக்கெட் எடுத்துவிடாதே. நான் நாலாவது வரைக்கும் படித்தவள், பிசகுவதற்கு அங்கே அவ்வளவு சரக்கு இல்லை. நடந்ததைக் கேள்.

ஐப்பசி மழையில் உன் நைனா நடவுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனபோது நம் டிராக்டரின் டிரைலர் மதகுப் பக்கம் ஏரிக்கரையில் சரிந்தது உனக்குத் தெரியும். கங்கம்மாளுக்குக் கை ஒடிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னோம். அத்தனையும் நிஜம். உன் நைனாவைப் பற்றித்தான் சொல்லவில்லை. அவர் அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்தவர், அப்புறம் மாடு கறப்பதைத் தவிர எதற்கும் எழுந்திருக்கவில்லை. டீக்கடைக்குப் போவதில்லை, தெருவில் நடப்பதில்லை, வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார், அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. நீ போன் செய்கிறபோதெல்லாம் குளிக்கிறார் என்று சொல்லி வந்தேன். நீயும் ஒருநாள் கேட்டாய், இன்னாம்மா நைனா எப்பப் பாத்தாலும் குளிச்சிக்கினே கீறாரு என்று. அவர் அத்தனை குளியல் குளித்திருந்தால் நம் ஏரி இந்நேரம் வற்றிப்போயிருக்கும். கடைசியில் ராஜகுளத்து ஆள் ஒருவருக்குச் சொல்லியனுப்பி, அறுப்புக்கு முன்னால் வந்து வண்டியை விலைக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். வண்டி போனால் இன்னொன்று வரும். எனக்குப் பயம் அதில்லை. வண்டி போன பிறகு இந்த மனிதர் மறுபடி எதற்காகக் கட்டிலை விட்டு இறங்குவார் என்பதுதான்.

நான் பிரஷர் மாத்திரை வாங்க உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே நர்ஸ் தாயாரம்மாள், இன்னாம்மா உன் வூட்டுக்காரு மாத்திர வாங்கவே காணும் என்று கேட்டாள். அவரு கட்டிலோட ஒட்டிக்கினு கீறாரு, பிச்சி எடுக்க மருந்து இருந்தா குடு என்றேன். அவள் சிரிக்கவில்லை. புதன்கிழமைதோறும் கவுன்சிலிங் மேடம் ஒருத்தர் வருகிறார், கூட்டிக்கொண்டு வா என்றாள். எங்க வூட்ல யாரும் பைத்தியம் இல்ல என்றேன். பைத்தியத்துக்கு இல்லம்மா, பேசறதுக்கு என்றாள். பேசுவதற்கு பஸ் ஏறிப் போகவேண்டுமா, நம் தெருவில் பேசுகிறவர்களை நிறுத்தத்தான் ஆள் இல்லை. இருந்தாலும் புதன்கிழமை எனக்கு மூட்டுவலி தாங்க முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை என்று அழுது அவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாவம், கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டு வந்ததும் நான் மறந்துபோய் அவருக்கு முன்னால் விறுவிறு என்று ஏறிவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு சோர்ந்துபோயிருந்தார் என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த மேடத்தின் பெயர் சோபியா, உன் வயசுதான் இருக்கும். கழுத்தில் குழாய் இல்லை, மேசையில் மாத்திரை இல்லை. இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு ஊசியாவது போடுவாள் என்று பார்த்தால் கேள்வியாகக் கேட்கிறாள். புத்தி சொல்லவே மாட்டேன் என்கிறாள். புத்தி சொல்லாமல் சம்பளம் வாங்குகிற வேலை ஒன்று இருக்கிறது என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போச்சு. உன் நைனா சேட்டு என்று பேரை மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, நான் வண்டிய கவுத்தவன்மா, என்கிட்ட கேக்க இன்னா கீது என்றார். அந்தப் பெண் மெதுவாக, அப்படின்னு உங்ககிட்ட ஓயாம சொல்லிட்டிருக்கிறது யாருங்க என்று கேட்டாள். ஊரில் யாரும் சொல்லவில்லை, அது உண்மை. அவருக்குள்ளேதான் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறது. சரி, அது நீங்க இல்ல, நீங்க வேற, அது வேற, வீட்டுக்கு வந்து உட்கார்ந்துட்ட ஒரு ஆள் மாதிரி வச்சுக்குவோம், அதுக்கு ஒரு பேர் வைங்க என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். உன் நைனா ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைன்னு வெச்சிக்கலாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வருவான், குந்திக்குவான், ஒரு வேலையும் செய்ய மாட்டான், நம்ம செய்யறதெல்லாம் குத்தம் சொல்லுவான், எழுந்து போடான்னு சொல்ல முடியாது என்றார். சொன்னவருக்கு அனுபவம் இருக்கிறது. தலை தீபாவளிக்கு என் பிறந்த ஊர் கூரத்தில் எங்க அப்பா வாங்கிக் கொடுத்த வாட்சுக்கு வார் சரியில்லை என்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அவர். பெண் பிள்ளையே பெறாத நமக்கு இப்படியாக ஒரு மாப்பிள்ளை வந்து வாய்த்தான்.

அந்தப் பெண் அவனைப் பற்றி அடுக்கடுக்காக விசாரித்தாள். எப்போது வருகிறான், எங்கே உட்காருகிறான், என்ன சொல்கிறான், அவன் பேச்சைக் கேட்டு நீங்கள் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று. உன் நைனா இத்தனை மாதமாக என்னிடம் பேசாததையெல்லாம் அவளிடம் பேசினார். விடிந்ததும் வந்துவிடுகிறானாம், வாசலில் இருக்கிற சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறானாம், உனக்குத் தெருவில் நடக்க மூஞ்சி இருக்கிறதா என்பானாம். அவன் வராத நேரம் உண்டா என்று கேட்டாள். மாடு கறக்கும்போது வர மாட்டான் என்றார். ஏன் என்றாள். மாட்டுக்கு அவனத் தெரியாது என்றார். அவள் அதை எழுதிக்கொண்டாள். நான் வெளியே வந்து, பால் கறக்கிறதைக்கூட எழுதிக்கிறாங்களே, பால் சொஸைட்டியில் சேர்ந்துவிடுவாளோ என்று கிண்டல் செய்தேன்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்று மேடம் சொல்லிவிட்டாள் அல்லவா. வீட்டுக்கு வந்த ஆளுக்கு, அதுவும் மாப்பிள்ளைக்கு, நம் பக்கத்தில் என்ன செய்வோம். எனக்கு வேறு விதமாக யோசிக்கத் தெரியவில்லை. அந்தச் சிவப்பு நாற்காலி முன்னால் முக்காலி போட்டுத் தட்டை வைத்தேன். உன் நைனா முதல் நாள் முறைத்தார், மறுநாள் தட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார், அதற்கடுத்த நாள், அவனுக்கு மட்டும் அப்பளமா என்று கேட்டார். பல நாளைக்குப் பிறகு அந்த மனிதர் தானாகக் கேட்ட கேள்வி அது. அதற்குள் ஆதிலட்சுமி பார்த்துவிட்டு, யாருடி வந்து கீறாங்க என்று கேட்டாள். மாப்பிள்ளை என்றேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிற ஒரு ஆளின் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த புதன்கிழமை இதைச் சொன்னதும் சோபியா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அதையே பிடித்துக்கொண்டாள். சரிங்க, நிஜமாவே அவன் என்ன சாப்பிடறான், எதைப் போட்டா அவனுக்கு உடம்பு ஏறுது என்று உன் நைனாவைக் கேட்டாள். என் கிண்டலைத்தான் சொல்லப்போகிறார், இனிமேல் நான் வாயைத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் யோசித்துவிட்டு, என்னைக் காட்டி, இது கிண்டல் பண்ணா அவன் மூஞ்சத் திருப்பிக்கினு எழுந்துடறான்மா, ஆனா வர்றவன் போறவன்லாம் ஆனது ஆச்சு விடு சேட்டுன்னு சொல்றாங்க பாரு, அத நல்லா வளிச்சி வளிச்சித் துன்றான் என்றார். பார்த்தாயா கலை, ஆறுதல் சொன்னவர்கள் எல்லாம் அவனுக்கு ஆக்கிப் போட்டிருக்கிறார்கள், வம்பு பேசிய நான் பட்டினி போட்டிருக்கிறேன். இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி மேடத்திடம் கேட்டேன், என் வாயைக் குறை சொல்கிற உன் பாட்டி வீட்டாருக்குக் காட்டலாம் என்று.

தாள் வேறு விதமாக வந்தது. அந்தப் பெண் நாங்கள் போய்விட்டு வந்த பிறகு வீட்டுக்குக் கடிதம் போடுகிறாள். அதில் புத்திமதி ஒன்றும் கிடையாது, உன் நைனா சொன்னதையே எழுதி, கீழே இன்னும் ரெண்டு கேள்வி. நாம் சொன்னதை நமக்கே திருப்பி அனுப்ப ஒரு தபாலா என்றுதான் நான் நினைத்தேன். உன் நைனா அதை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, மாட்டுக்கு அவனத் தெரியாதுன்னு நானா சொன்னேன் என்று கேட்டார். நீதான்யா சொன்ன என்றேன். நல்லாத்தான் சொல்லி கீறேன் என்று மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டையைத் துவைக்க இன்றுவரை கொடுக்கவில்லை, பக்கத்தில் போக முடியவில்லை.

அதிலிருந்து மாப்பிள்ளையைக் கிளப்புகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். போகாத மாப்பிள்ளையை நம் ஊரில் எப்படிப் போக வைப்போம், வாயால் சொல்லவா செய்வோம். முதலில் அப்பளம் நின்றது, அப்புறம் குழம்பு ரசமாயிற்று, ரசம் பழைய சோறாயிற்று, பிறகு தட்டே நின்றது. காலையில் அவன் வந்த அறிகுறி உன் நைனா முகத்தில் தெரிந்தால், உத்திரமேரூர் பஸ் எத்தினி மணிக்கு என்று நான் சத்தமாகக் கேட்பேன். சும்மா குந்திக்கினு கீறதுக்கு அவனையும் இட்டுக்கினு போய்ப் புல்லு அறுத்துக்கினு வாயேன்யா என்று ஒருநாள் அரிவாளைக் கையில் கொடுத்தேன். அவரும் போனார். கட்டுப் புல்லோடு திரும்பி வந்து, தெருக்கோடி வரைக்கும் வந்தான், வெயில் தாங்கலன்னு திரும்பிட்டான் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அவன் ஒரேயடியாகப் போய்விட்டான் என்று நினைக்காதே. மழை வந்தால் வருவான், டிராக்டர் சத்தம் கேட்டால் வருவான். வரட்டுங்க, வர்றவர் விருந்தாளிதான், வீடு அவர் பேர்ல இல்லையே என்கிறாள் மேடம்.

ஆனாலும் ராஜகுளத்து ஆளை வேண்டாம் என்று சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன் என்றார். மேடத்திடம் சொன்னேன். அவள் அவரைத் திட்டுவாள் என்று பார்த்தால், சேட்டு ஐயா பொறுப்பான ஓட்டுக்காரர்னு நான் சொன்னா ஆச்சரியப்படாதவங்க உங்க ஊர்ல யாராவது இருக்காங்களா என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, கங்கம்மாள் என்றேன். ஏரிக்கோடிக் குடிசையில் இருக்கிறவள், நடவுக்கு ஆள் சேர்க்கிறவள், அவள் கைதானே ஒடிந்தது. உன் நைனா முகம் சுண்டிவிட்டது. அவள் தெருவில் வருவதைப் பார்த்தாலே பின்வாசலால் போய்விடுகிறவர் அவர், அவளைப் பார்க்க மூஞ்சி இல்லை என்று மாப்பிள்ளை சொல்லி வைத்திருக்கிறான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன வாரம் புதன்கிழமை கங்கம்மாளும் எங்களோடு பஸ் ஏறினாள். மேடம் அவளிடம், புகழ வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம், பார்த்ததை மட்டும் சொல்லுங்க போதும் என்றாள். புத்தி சொல்லாம எப்பிடிமா பேசறது, வாய் வலிக்குமே என்று கங்கம்மாள் கேட்டாள். அப்புறம் சொன்னாள். நான் அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். எப்பவும் இவன் மதகாண்ட வண்டிய நிறுத்தி எங்கள எறக்கி நடக்க வெப்பான்மா, நாங்க திட்டிக்கினே நடப்போம். அன்னிக்கு மழ, எறங்க மாட்டோம்னு அடம் புடிச்சது நாங்க. அப்பவும் இவன் எறங்கிப்போய்க் கரைய மெதிச்சிப் பாத்துட்டுத்தான் ஏறனான். உள்ளாற கரைஞ்சி கீறது யாருக்குத் தெரியும். டிரைலரு சரிஞ்சப்ப இவன் குதிச்சிருக்கலாம், குதிக்கல. இன்ஜின இட்டுக்கினு போய்ப் பனமரத்துல முட்டினான், அதுல நின்னுது. நிக்கலன்னா நாங்க அத்தினி பேரும் தண்ணிக்குள்ள, என்றாள். சொல்லி முடித்துவிட்டு, எங்கமா கீறான் அந்த மாப்ள என்று கேட்டாள். மேடம் மூலையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியைக் காட்டினாள். கங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதைப் பார்த்து, உனுக்கு இன்னாடா தெரியும், நீ வண்டியிலயா இருந்த, நான் இருந்தேன் என்றாள்.

எனக்கே கிண்டல் ஒன்றும் வரவில்லை, அதற்குச் சாட்சி மூணு பேர் இருக்கிறார்கள். உன் நைனா தலையை நிமிர்த்தி, கை எப்பிடி கீது கங்கம்மா என்று கேட்டார். இத்தனை மாதமாக அவர் கேட்க வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவள் கையை நீட்டிக் காட்டி, கொஞ்சம் கோணலா ஒட்டி கீதுப்பா, களை பறிக்க இதுதான் தோதா கீது என்றாள். திரும்பி வரும்போது ரெண்டு பேரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து நெல்லுக்குப் புகையான் பூச்சி விழுந்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள், மூட்டுவலிக்காரி நான் நின்றுகொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ராஜகுளத்து ஆள் வந்தார். உன் நைனாதான் தார்ப்பாயை எடுத்தார், நானே ஓட்டிக் காட்டறேன் என்றார். பேட்டரி செத்திருந்தது, தெருவே தள்ளியது. வண்டி கிளம்பி ஏரிக்கரைப் பக்கம் போனது, மதகுக்கு இந்தப் பக்கமே நின்றது, அவர் இறங்கி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறித் திருப்பினார். வந்தவர் நல்ல வண்டி, இன்ஜின் சுத்தமா கீது என்று சொன்னார். நல்ல வண்டிதான், அதான் குடுக்கறதா இல்ல என்றார் உன் நைனா. அந்த ஆள் என்னைப் பேஜார் பண்ணத்தான் கூப்ட்டியா என்று கத்திவிட்டு, நாஷ்டா மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆள் மட்டும் ஏத்த மாட்டேன், நெல்லு ஏத்தறேன் என்று உன் நைனா இன்று காலை வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானம் அருள்தாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கப் போகிறேன் என்று சொல்ல வந்தான். ஏறு, நான் விட்டுட்டு வரேன், மதகாண்ட மட்டும் எறங்கி நடக்கணும் என்று சொல்லிவிட்டு இப்போது வண்டியை எடுக்கப் போயிருக்கிறார். நான் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கங்கம்மாள் கை மாதிரி கோணலாக வருகிறது.

உனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளாகப் போனில் உன் குரலும் குளித்துக்கொண்டிருக்கிற மனிதரின் குரல் மாதிரிதான் இருக்கிறது. சூப்பர்வைசர் ஏதோ சொன்னான், நான் லாயக்கில்லை என்று ஒருதரம் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். நான் கேட்காதவள் மாதிரி இருந்தேன், கேட்டது. அங்கேயும் ஒருத்தன் உன் கட்டிலில் வந்து உட்கார்ந்திருந்தால் அவனுக்கு ஒரு பேர் வை, எனக்குச் சொல். அவனுக்கு அப்பளம் மட்டும் போடாதே. நீ அந்த வெயிலில் உயரத்தில் ஏறி ஏசி மாட்டுகிறபோது அவனும் ஏறி வந்தானா என்று கேள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய், நைனா எடுப்பார். ஆனது ஆச்சு விடு நைனா என்று மட்டும் சொல்லிவிடாதே. கரை சரிந்தபோது என்ன செய்தாய் என்று கேள், சொல்வார். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, அருள்தாஸிடம் கொடுத்தனுப்புகிற மிளகுப்பொடியை ரூமில் எல்லோருக்கும் கொடு. நம் ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிற மாதிரி நீ குறைவில்லாமல் நிறைந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரை வைத்திருக்கிற, உன் நைனாவை வம்புக்கு இழுக்கிற
உன் அம்மா சே. வளர்மதி

கடிதத்தை மடித்துவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். உன் நைனா வண்டியை ரிவர்ஸ் எடுத்து வாசலுக்குக் கொண்டுவரும்போது அந்தச் சிவப்பு நாற்காலி மேல் ஏற்றிவிட்டார். நாற்காலி உடைந்துவிட்டது. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உனக்கு வைத்திருந்த முறுக்கு டப்பாவை நான் அதன் மேல்தான் வைத்திருந்தேன். டப்பா சப்பையாகிவிட்டது. முறுக்கைப் பையில் அள்ளிப் போட்டு அருள்தாஸிடம் கொடுத்திருக்கிறேன். கரண்டி வைத்துச் சாப்பிடு.